சாவு வீட்டுக்கு வரும் அலுவலகம்

கூட வேலை பார்த்த ஒருவர் இறந்துவிட்டார் என்று காலையில் செய்தி வந்தால், அலுவலகத்தில் முதலில் எழும் கேள்வி ‘எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?’ என்பது. அடுத்தது, மாலைக்குத் தலைக்கு எவ்வளவு போடுவது. பிறகு யார் யார் போவது, யார் இங்கேயே இருந்து கவுண்டரைப் பார்த்துக்கொள்வது. இதில் எதையும் குறை சொல்ல முடியாது. நேரம் தெரியாமல் போனால் முகம் பார்க்க முடியாது. எல்லோரும் கிளம்பிவிட்டால் வேலை நின்றுவிடும். ஆனால் இவற்றுக்கெல்லாம் விடை கிடைத்து, வேன் பிடித்து, தெருமுனையில் இறங்கி, சாமியானாவுக்குள் நுழைந்த பிறகு அலுவலகக் கூட்டம் பெரும்பாலும் தடுமாறி நிற்கிறது. மாலையைப் போட்டாயிற்று, கும்பிட்டாயிற்று. அப்புறம் என்ன செய்வது? பிளாஸ்டிக் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, யார் முதலில் எழுந்திருப்பது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். மனசு இல்லாததால் வரும் தடுமாற்றம் என்று இதை நான் நினைக்கவில்லை. பல பேருக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. இருபது வருடம் பக்கத்து மேசையில் இருந்தவர் ஃப்ரீசர் பெட்டிக்குள் கிடக்கிறார். இந்த வீட்டில் நாம் யார், என்னத்துக்காக வந்திருக்கிறோம் என்பது தெரியாததால்தான் கால்கள் தயங்குகின்றன.

நம்முடைய சாவுச் சடங்குகள் உறவை நுணுக்கமாக அளந்து வைத்திருக்கின்றன. முதல் கோடி எந்த வீட்டிலிருந்து வர வேண்டும், நீர்மாலை எடுக்க யார் போவது, நெய்ப்பந்தம் பிடிப்பது யார், வாய்க்கரிசி எந்த வரிசையில் போடுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் உண்டு. ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி முறை மாறும். ஆனால் மாமனுக்கும் சம்பந்திக்கும் பேரப்பிள்ளைக்கும் ஓர் இடம் இல்லாத முறை கிடையாது. சக ஊழியருக்கு மட்டும் எந்த முறையிலும் இடம் இல்லை. இதற்குக் காரணம் எளிது. வேலையும் உறவும் ஒன்றாக இருந்த காலத்தில் உருவான முறைகள் இவை. வயலில் கூட நின்றவர் பங்காளி, தறியில் எதிரே உட்கார்ந்தவர் மச்சான். ஊரும் சாதியும் மதமும் வேறான நாற்பது பேரை ஒரே கூரையின்கீழ் தினமும் எட்டு மணி நேரம் உட்கார வைப்பது பின்னால் வந்த ஏற்பாடு. ராயபுரத்திலிருந்து 1856இல் ரயில் ஓடத் தொடங்கியதையும், அதன் பின் ஆலைகளும் அலுவலகங்களும் பெருகியதையும் கணக்கில் வைத்தால், சக ஊழியர் என்ற உறவுக்கு வயது ஐந்தாறு தலைமுறைதான். சடங்கு அதை இன்னும் தெரிந்துகொள்ளவில்லை.

இடம் இல்லாதவர்கள் செய்வதை நாமும் செய்தோம். வெளியிலிருந்து இரவல் வாங்கினோம். மலர் வளையம் ஐரோப்பியர்களோடு வந்தது. மௌன அஞ்சலியும் அப்படித்தான். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1918இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், நண்பகல் பீரங்கி முழங்கியதும் ஊரே நின்று மௌனம் காக்கும் வழக்கம் தொடங்கியது. போர் முடிந்த முதலாம் ஆண்டு நிறைவான 1919 நவம்பர் 11 அன்று பிரிட்டன் அதை இரண்டு நிமிட மௌனமாக எடுத்துக்கொண்டது. நல்ல வழக்கம்தான். மொழியும் மதமும் வேறானவர்கள் ஒன்றாக நின்று துக்கம் காட்ட மௌனத்தைவிட நேர்மையான வழி இல்லை. ஆனால் அது எதற்காகப் பிறந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். லட்சக்கணக்கில் செத்துப்போன சிப்பாய்களைப் பற்றித் தனித்தனியாகச் சொல்ல யாராலும் முடியாத நிலையில் பிறந்தது. பக்கத்து மேசைக்காரரைப் பற்றிச் சொல்ல நம்மிடம் நிறைய இருக்கிறது. இருந்தும் இரண்டு நிமிடம் எழுந்து நின்றுவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுகிறோம். நம்மிடம் இருப்பதைக் கொடுக்காமல் இருந்துவிடுகிறோம் என்பதுதான் என் குறை.

நம்மிடம் இருப்பது என்ன? வேலைக்குப் போகும் ஒரு மனிதர் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பங்கை வீட்டுக்கு வெளியே கழிக்கிறார். அந்தப் பகல் பொழுதை மனைவி பார்த்ததில்லை, பிள்ளைகள் பார்த்ததில்லை, பெற்றவர்கள் பார்த்ததில்லை. அப்பா களைத்துப்போய் வருவார், சட்டையில் எண்ணெய்க் கறை இருக்கும், மாதக் கடைசியில் எரிந்து விழுவார். பிள்ளைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதே அப்பா பணிமனையில் ஒரு வண்டியின் சத்தத்தைக் கேட்டே எங்கே பழுது என்று சொல்லக்கூடியவராக இருந்திருக்கலாம். புதிதாகச் சேர்ந்த பையன் செய்த தவறுக்குத் தானும் பொறுப்பு என்று மேலதிகாரியிடம் போய் நின்றிருக்கலாம். வார்டில் இரவுப் பணி பார்த்த ஒரு செவிலியர், துணைக்கு ஆள் இல்லாத நோயாளியின் படுக்கையோரம் தன் தேநீர் நேரத்தைக் கழித்திருக்கலாம். வீட்டில் அவர் அதைச் சொல்லியே இருக்க மாட்டார். இதையெல்லாம் கண்ணால் பார்த்தவர்கள் கூட வேலை செய்தவர்கள் மட்டும்தான். அவர்கள் வாயைத் திறக்காவிட்டால் அந்த மனிதரின் பாதி வாழ்க்கை அவரோடு சேர்ந்தே எரிந்துவிடுகிறது. ஆகவே சக ஊழியர் சாவு வீட்டுக்குச் சாட்சியாகப் போகிறார் என்கிறேன். மாலையும் கூட்டமும் அந்தச் சாட்சியத்துக்குத் துணை நிற்கலாம். அதன் இடத்தை அவற்றால் நிரப்ப முடியாது.

சாட்சி சொல்வது என்றதும் ‘ரொம்ப நல்ல மனுஷன்’, ‘யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காதவர்’ என்ற வரிகள் நாக்கில் வந்து நிற்கும். அவை யாருக்கும் பொருந்தும். அதனால் யாரைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. இதில் நமக்கு நம் நடுகற்களே பாடம். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் எருமைகளைக் காக்கும் சண்டையில் செத்தான் என்கிறது கல்வெட்டு. அவன் வீரத்தைப் பற்றி அடைமொழிகள் இல்லை. யாருடைய ஆள், எதற்காகச் செத்தான் என்ற செய்திதான் இருக்கிறது. அவன் பக்கத்தில் ஒரு நாயின் உருவம். அதற்குப் பெயரும் உண்டு, கோவிவன். அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்பதையும் கல்வெட்டு சொல்லிவிடுகிறது. இரண்டு என்ற அந்த எண்ணிக்கைதான் என்னை நிறுத்திவைக்கிறது. பார்த்த யாரோ ஒருவர் அதை எண்ணி, கல் வெட்டுபவரிடம் சரியாகச் சொல்லியிருக்கிறார். ‘விசுவாசமான நாய்’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஆயிரத்து நானூறு வருடம் கழித்து அதன் பெயரைச் சொல்ல நமக்கு என்ன இருந்திருக்கும்? செய்த காரியத்தைச் சொல்வது, புகழ்வதைவிடப் பெரிய மரியாதை என்று நம் முன்னோர் தெரிந்துவைத்திருந்தார்கள்.

இதற்கு உடனே வரும் மறுப்பு நியாயமானது. அழுதுகொண்டிருக்கும் வீட்டில் போய் நின்று பேசுவதா? பெட்டியின்மேல் தலையைச் சாய்த்துக் கிடக்கும் பெண்ணிடம் ‘உங்க வீட்டுக்காரர் பணிமனையில் எப்படிப்பட்டவர் தெரியுமா’ என்று தொடங்குவது மரியாதையா? கிடையாது. சாவன்று அந்த வீட்டுக்குத் தேவை கையும் காலும். ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்லியாயிற்றா, மருத்துவரின் சான்றிதழ் வாங்கியாயிற்றா, வெளியூரிலிருந்து வரும் மகனை யார் போய் அழைத்துவருவது, சுடுகாட்டில் சொல்லி வைத்தாயிற்றா, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத வயதான அம்மாவுக்கு யார் ஒரு வாய் காபி கொடுப்பது. பங்காளிகள் நிறைந்த கிராமத்தில் இதற்கெல்லாம் ஆள் இருக்கும். பிழைப்புக்காக ஓசூருக்கோ அம்பத்தூருக்கோ வந்து, ஒண்டுக்குடித்தனத்தில் இருக்கும் குடும்பத்துக்கு யார் இருக்கிறார்கள்? அங்கே அலுவலகம்தான் பங்காளி. மாலை வாங்க எடுத்துக்கொண்ட அக்கறையில் பாதியை இதற்குச் செலவிட்டால் போதும். ‘எப்படி ஆச்சு?’ என்ற கேள்வியை ஒவ்வொருவரும் போய் அந்த மனைவியிடமே கேட்டு, அவர் அந்தக் கடைசி ராத்திரியை முப்பது முறை சொல்ல வைக்காமல் இருந்தால் அதுவே பேருதவி. மைத்துனரிடம் ஒருவர் கேட்டுத் தெரிந்துகொண்டு மற்றவர்களுக்குச் சொன்னால் தீர்ந்தது.

கையும் காலும் எவ்வளவு பெரிய மரியாதையாக மாற முடியும் என்பதற்குச் சென்னையில் ஒரு சான்று இருக்கிறது. 2020 ஏப்ரல் 19 அன்று கொரோனா தொற்றால் நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவர் இறந்தார். அவரை அடக்கம் செய்யக் கீழ்ப்பாக்கம் கல்லறைக்குக் கொண்டுபோக முடியவில்லை, எதிர்ப்பு. அண்ணா நகரை ஒட்டிய வேலங்காட்டு இடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தொற்று பரவிவிடும் என்று பயந்து கூடிய கும்பல் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது, ஊழியர்களுக்குக் காயம். மனைவியும் மகனும் அங்கிருந்து தப்பிப் போக வேண்டியதாயிற்று. கணவரின் முகத்தைப் பார்த்து விடைகொடுக்கக்கூட அந்தப் பெண்ணுக்கு வழியில்லை. அதன் பிறகு, அவருடன் பணியாற்றிய இன்னொரு மருத்துவர், மருத்துவமனைப் பணியாளர்கள் இருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பாதுகாப்பு உடையோடு தானே ஆம்புலன்ஸை ஓட்டி, நள்ளிரவில் அந்த இடுகாட்டுக்குத் திரும்பினார். மண்வெட்டியாலும் கையாலும் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். மாலை இல்லை, உரை இல்லை. ஆனால் கூட வேலை பார்த்தவருக்கு ஒருவர் செய்யக்கூடிய மரியாதையில் இதற்கு மேல் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த சில நாட்களில் தமிழ்நாடு அரசு, தொற்றுநோயால் இறந்தவர்களின் இறுதிச் சடங்கைத் தடுப்பது மூன்று ஆண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்று அவசரச் சட்டம் கொண்டுவந்தது. கண்ணியமான அடக்கம் வாழ்வுரிமையின் பகுதி என்று உயர் நீதிமன்றமும் சொன்னது. சட்டமும் தீர்ப்பும் வருவதற்கு முன்பே அந்த மருத்துவரும் இரண்டு பணியாளர்களும் செய்துமுடித்துவிட்டார்கள்.

அதே நிகழ்வு சக ஊழியரின் எல்லையையும் காட்டுகிறது. தங்கள் மதமுறைப்படி, கணவர் விரும்பிய கல்லறையில்தான் அவரை அடக்கம் செய்ய வேண்டும் என்று அந்த மனைவி பிறகு நீதிமன்றம்வரை போனார். நண்பர்கள் என்ன செய்திருந்தாலும், சடங்கு குடும்பத்தின் உரிமை. இதை மறந்துவிட்டு அலுவலகம் தன் வழக்கத்தைச் சாவு வீட்டில் கொண்டுபோய் இறக்கும்போது சங்கடம் வருகிறது. இஸ்லாமிய வீட்டில் மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலை, வெகு சீக்கிரம் எடுத்துவிடுவார்கள். மேலாளர் வரட்டும் என்று காத்திருக்கச் சொல்வதும், கிலோக்கணக்கில் மாலையோடு போய் நிற்பதும் அவர்களைச் சங்கடப்படுத்தும். ஜனாஸா தொழுகையின்போது ஓரமாக அமைதியாக நின்று, அடக்கத்துக்குக் கூடப் போய், அவர்கள் அனுமதித்தால் மூன்று பிடி மண் போட்டுவிட்டு வருவதுதான் மரியாதை. ஒரு வீட்டில் பெண்கள் மயானத்துக்குப் போகும் வழக்கம் இருக்காது, இன்னொரு வீட்டில் இருக்கும். இருபது வருடம் சேர்ந்து வேலை பார்த்த பெண் ஊழியர் தெருமுனையோடு நின்றுவிட வேண்டியிருப்பது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதை மாற்றும் போராட்டத்தை அந்தக் குடும்பம் தங்களுக்குள் நடத்த வேண்டும். அன்றைக்கு, அந்த வாசலில் வைத்து நாம் நடத்தக் கூடாது. முன்கூட்டி அந்த வீட்டில் ஒருவரைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

பேனரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இறந்தவர் படம் ஒரு ஓரத்தில், நிறுவனத்தின் பெயர் பெரிய எழுத்தில், கீழே வரிசையாக நிர்வாகிகளின் படங்கள் என்று கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வைப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. இதைக் குறை சொன்னால், ‘அந்தக் குடும்பத்துக்கு அது பெருமைதானே, ஊர் பார்த்து மெச்சும்தானே’ என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன். சாவுக்கு எவ்வளவு கூட்டம் வந்தது என்பதை நம் ஊர் கணக்கில் வைக்கிறது. அப்பாவுக்காக இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள் என்பது ஒரு பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்கத் தெம்பு கொடுக்கும். அதனால் கூட்டமாகப் போவதை நான் ஆதரிக்கிறேன். தலைகாட்டிவிட்டு வந்தாலும் பரவாயில்லை, போக வேண்டும். பேனரில் எனக்குள்ள மறுப்பு வேறு. அதில் பெரிதாகத் தெரிய வேண்டியவர் சின்னதாகிவிடுகிறார். வைத்தே ஆக வேண்டும் என்றால் அவர் படம், அவர் பெயர், அவர் என்ன வேலையை எத்தனை ஆண்டு செய்தார் என்ற ஒரு வரி. கீழே ‘உடன் பணியாற்றியோர்’. அது போதும், ஊரும் மெச்சும்.

பேசுவதற்குரிய நாள் பின்னால் வருகிறது. பதினாறாம் நாள் காரியத்துக்கு அலுவலகத்திலிருந்து பெரும்பாலும் ஒருவரோ இருவரோதான் போகிறார்கள். உண்மையில் நாம் அதிகம் தேவைப்படும் நாள் அது. அழுகை ஓய்ந்து, பெயர் சொன்னால் கேட்கக்கூடிய நிலைக்கு வீடு வந்திருக்கும். சுயமரியாதை இயக்கத்தார் சடங்குகளை விலக்கி, படத்திறப்பு என்ற ஒரு நிகழ்வை உருவாக்கினார்கள். இறந்தவரின் படத்தைத் திறந்து வைத்து, உறவினர் அல்லாத தோழர்களும் எழுந்து அவரைப் பற்றிப் பேசுவார்கள். தொழிற்சங்கத்தாரிடமும் இரங்கல் கூட்டம் வேரூன்றியிருக்கிறது. சடங்கு மறுத்த இடத்தை உடன் உழைத்தவருக்குக் கொடுத்த ஏற்பாடுகள் இவை. கொள்கை உடன்பாடு இல்லாதவர்கள்கூட இந்த ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மேடையும் மைக்கும் வேண்டாம். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மூன்று பேர் ஆளுக்கு ஒரு சம்பவம் சொன்னால் போதும். பேச வராதவர்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். பிள்ளைகள் வளர்ந்த பிறகு எடுத்துப் படிப்பார்கள். கூடவே அவருடைய மேசை இழுப்பறை. மூக்குக் கண்ணாடி, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, செல்லோடேப்பில் பெயர் ஒட்டிய ஸ்டேப்ளர், மகளின் பள்ளிக் கட்டண ரசீது, எப்போதோ கழுவி வைத்த டிபன் டப்பா. புதிய ஆள் வரும் நாளில் அவசரமாக ஓர் அட்டைப்பெட்டியில் கொட்டப்படுவதுதான் இவற்றுக்கு வழக்கமாக நேர்கிறது. அதற்கு முன்பே இரண்டு பேர் உட்கார்ந்து எடுத்து அடுக்கி, துடைத்து, வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இன்னொன்றும் இப்போது சேர்ந்திருக்கிறது. இறந்தவரின் கைபேசி மனைவியிடமோ மகனிடமோ இருக்கும். அலுவலகத்து வாட்ஸ்அப் குழுவை அவர்கள் படிப்பார்கள். ‘ஆழ்ந்த இரங்கல்’ முப்பது முறை வந்து, அதன் கீழேயே ‘செவ்வாய்க்கிழமை டியூட்டி யாருக்கு மாத்துறது?’ என்று ஒருவர் கேட்டிருப்பதையும் சேர்த்துத்தான் படிப்பார்கள். அந்தக் கேள்வியைத் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

இறந்தவர் நல்லவராக இல்லாவிட்டால்? கூட இருந்தவர்களைப் படுத்தி வைத்தவர், கீழே இருந்தவர்களை அவமானப்படுத்தியவர் என்றால் என்ன சாட்சி சொல்வது? செத்துப்போனதால் ஒருவர் செய்ததெல்லாம் சரியாகிவிடாது. அவரால் காயப்பட்டவர் வந்து புகழ வேண்டும் என்று கேட்கவும் கூடாது. அப்படிப்பட்டவர் சாவுக்குப் போகாமல் இருக்க ஒருவருக்கு உரிமை உண்டு. போகிறவர் பொய் சொல்ல வேண்டியதும் இல்லை. எந்த மனிதரின் முப்பது வருட வேலையிலும் உண்மையாகச் சொல்லக்கூடிய ஒன்று இருக்கும்: கணக்கில் ஒரு பைசா பிசகாதவர், மழையானாலும் நேரத்துக்கு வந்தவர். அதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். வீட்டுக்குத் தெரியாத கடன், வீட்டுக்குத் தெரியாத உறவு போன்றவற்றையும் சக ஊழியர்தான் அறிந்திருப்பார். அவை சாவு வீட்டு வாசலில் கிசுகிசுவாகப் பரிமாறப்படுவது கொடுமை. சாட்சிக்குத் தெரிந்ததெல்லாம் சாட்சியம் ஆகிவிடாது. எது அந்தக் குடும்பத்துக்குச் சேர வேண்டியதோ அதை மட்டும் கொடுக்க வேண்டும்.

சொல்லியே ஆக வேண்டிய சாவுகளும் இருக்கின்றன. வேலை இடத்திலேயே, வேலையாலேயே நேரும் சாவுகள். விருதுநகர்ப் பக்கத்துப் பட்டாசு ஆலையில் வெடித்துச் சாகிறார்கள். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி விஷவாயுவில் சாகிறார்கள். மனிதரைத் தகுந்த பாதுகாப்பு இல்லாமல் தொட்டிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. அப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. ஆனால் ‘நாங்க இறங்கச் சொல்லவே இல்லை, அவராத்தான் இறங்கினாரு’ என்று வேலை கொடுத்தவர் சொல்லிவிட்டால் குடும்பம் என்ன செய்யும்? மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ஒருவர் இருப்பார். யார் இறங்கச் சொன்னது, முகமூடி கொடுத்தார்களா என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் வாயைத் திறந்தால் அடுத்த நாள் வேலை இருக்காது. பாடைக்குத் தோள் கொடுப்பதைவிட இது பலமடங்கு கனம். தனி ஆளிடம் இந்தத் தியாகத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் சங்கம் வேண்டும், பத்துப் பேர் சேர்ந்து சொல்ல வேண்டும்.

கடைசியாகக் காகிதம். சாவு வீட்டில் பணப் பேச்சு எடுப்பது அநாகரிகம் என்று நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம், அன்றைக்கு எடுக்கவும் வேண்டாம். ஆனால் அந்தக் கூச்சம் மாதக்கணக்கில் நீடித்தால் நட்டம் குடும்பத்துக்குத்தான். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதன் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் இல்லாமல் எதுவும் நகராது. பணிக்கொடைக்குப் பொதுவாக ஐந்து ஆண்டு வேலை செய்திருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பணியில் இருக்கும்போது இறந்தவருக்கு அந்த ஐந்தாண்டு நிபந்தனை கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. வருங்கால வைப்புநிதியோடு சேர்ந்து 7 லட்சம் ரூபாய்வரை காப்பீடு இருக்கிறது. இதற்குத் தொழிலாளி சம்பளத்திலிருந்து தனியாகப் பிடித்தம் இல்லாததால், சம்பளச் சீட்டில் அது தெரிவதே இல்லை. தெரியாததை யார் கேட்பார்கள்? ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலும் மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு, பிள்ளைகள் இருவருக்கு 25 வயதுவரை உண்டு. இ.எஸ்.ஐ.யில் இருந்தவர் என்றால் ஈமச்செலவுக்கு 15,000 ரூபாய்வரை கிடைக்கும். கல்யாணத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்தபோது அம்மா பெயரை நியமனதாரராக எழுதிக்கொடுத்து, அப்புறம் மாற்றாமலே விட்டவர்கள் ஏராளம். வைப்புநிதி விதிப்படி திருமணத்தோடு அந்த நியமனம் செல்லாமல் போகிறது. மாமியாரும் மருமகளும் துக்கத்துக்கு நடுவில் இதற்காக முகம் திருப்பிக்கொள்ளும்படி விடாமல், விஷயம் தெரிந்த ஒருவர் இருவரையும் உட்கார வைத்துப் பேச வேண்டும். இது நிர்வாகப் பிரிவின் வேலை, சக ஊழியருக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். நிர்வாகப் பிரிவு மனுவுக்குக் காத்திருக்கும். மனுவில் என்ன எழுதுவது என்று தெரியாத ஒருவரை எந்த மேசைக்குப் போவது என்று கைப்பிடித்துக் கூட்டிப்போவது நட்பின் வேலை. ஒருவர் பணி ஓய்வு பெற்றால் விழாக் குழு, வசூல், சால்வை, உரை என்று எல்லாம் தானாக நடக்கிறது. பணியில் இறந்தவருக்கும் அப்படி ஒரு குழு இருக்க வேண்டும், அவர் குடும்பத்தின் கடைசிக் காகிதம் முடியும்வரை.

இவ்வளவும் யாருக்குக் கிடைக்கிறது என்று பார்த்தால்தான் அலுவலகத்தின் மனசு தெரியும். மேலாளர் இறந்தால் அரைநாள் விடுப்பு, வண்டி, மலர் வளையம். காவலாளி இறந்தால் ஒரு உறையில் வசூல், கொண்டுபோய்க் கொடுக்க ஒருவர். ஒப்பந்தத்தில் கூட்டிப் பெருக்கிய பெண் இறந்தால், அவர் வராததே இரண்டு நாள் கழித்துத்தான் தெரியவருகிறது. ஒப்பந்தக்காரர் வேறு ஆளை அனுப்பியிருப்பார். ‘அவங்க நம்ம ஊழியர் இல்லையே, ஒப்பந்தக்காரரோட ஆள்’ என்பதுதான் அங்கே சொல்லப்படும் பதில். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. ஒப்பந்தக்காரர் வைப்புநிதிச் சந்தா கட்டத் தவறினால் பொறுப்பு முதன்மை வேலையளிப்பவருடையது, அதாவது நம் நிறுவனத்துடையது. ஆனால் ஒப்பந்தக்காரர்கள் நடுவில் மூன்று முறை மாறியிருப்பார்கள், ஒவ்வொருவரும் அவரைப் புதிதாகச் சேர்ந்தவர் என்று கணக்குக் காட்டியிருப்பார்கள், சிலர் பெயரையே ஏற்றியிருக்க மாட்டார்கள். அவர் இங்கே ஒன்பது வருடம் வேலை செய்தார் என்பதற்கு அந்தக் குடும்பத்திடம் ஒரு சீட்டும் இருக்காது. தினமும் காலையில் அவர் கையால் தேநீர் வாங்கிக் குடித்த நாற்பது நிரந்தர ஊழியர்களுக்கு அது தெரியும். அந்த நாற்பது பேரும் தங்கள் பெயர், பதவி, பணியாளர் எண்ணோடு, இன்ன ஆண்டிலிருந்து இவரை இங்கே வேலையில் பார்த்திருக்கிறோம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, நிறுவனத்துக்கு ஒரு நகலும் வைப்புநிதி அலுவலகத்துக்கு ஒரு நகலும் கொடுத்து, மூன்றாவது நகலை அவர் மகளிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.